மாடியை அளந்தவர் மீட்டர் பெட்டியைத் திறக்கவில்லை

சோலார் போட வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும் விற்க வரும் ஆள் நேரே ஏறுவது மொட்டை மாடிக்குத்தான். டேப் பிடித்து அளப்பார், தென்னை மரத்து நிழல் எதுவரை வருகிறது என்று பார்ப்பார், போனில் நாலு படம் எடுப்பார், இறங்கி வந்து "மூணு கிலோவாட் போட்டுடலாம் சார்" என்பார். படிக்கட்டுக்கு அடியில், செருப்புகளுக்குப் பின்னால் மீட்டர் பலகை இருக்கும். அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். மொத்தம் எத்தனை சர்வீஸ், சிங்கிள் பேஸா திரீ பேஸா, மின்வாரியம் அனுமதித்த லோடு எவ்வளவு, நியூட்ரல் எது வழியாகத் திரும்புகிறது, எர்த் கம்பி குழி வரைக்கும் போகிறதா? ஒரு கேள்வி கிடையாது. பணம் கட்டி, பேனல் ஏறி, எல்லாம் முடிந்த பிறகு எனக்குப் போன் வரும்: "தம்பி, சோலார் போட்டும் கரண்ட் போனா ஃபேன் நின்னுடுது, வந்து பாரு."

ஒரகடம், மாத்தூர், வல்லம் பக்கம் வயரிங் வேலை பார்க்கிறவன் நான். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து, 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் வந்ததிலிருந்து, இந்தப் பக்கத்து ஊர்களில் கட்டிடம் என்றால் ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடும் ரூம்கள்தான் பாதி. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க அரசு கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறந்தது, நல்ல காரியம். மற்றவர்களுக்கு இந்த ரூம்கள்தான் கதி. அவையும் ஒரே தடவையில் கட்டினவை இல்லை. கையில் காசு வர வர மாடி ஏறும், மாடி ஏற ஏற ஒரு சர்வீஸ் கூடும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் ஒவ்வொரு வீட்டு சர்வீசுக்கும் உண்டு என்பதால் தனித்தனியாக வாங்குவதில்தான் ஓனருக்கு லாபம். இப்படியே ஒரு கட்டிடத்தில் நாலு மீட்டர், நாலு நியூட்ரல், படிக்கட்டு லைட்டுக்கு இன்னொன்று. வரைபடம் எந்த ஓனரிடமும் இருக்காது. முதலில் வயரிங் போட்டவர் நினைவில் இருந்தால் உண்டு.

இந்தக் கட்டிடத்துக்குள்தான் சோலார் வருகிறது. அளவை நிர்ணயிப்பது மானியம். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000, அதோடு நின்றுவிடும். ஆகவே பெரும்பாலும் மூன்று கிலோவாட்தான். அதை எந்த சர்வீசில் சேர்ப்பது? ஓனர் குடியிருக்கும் கீழ்வீட்டு சர்வீசில், ஏனென்றால் விண்ணப்பத்துக்கு அந்த பில்தான் கைக்குக் கிடைத்தது. எந்த மீட்டரில் சேர்த்தார்களோ அந்த சர்வீஸ் கணக்கில்தான் சோலார் யூனிட் கழியும். மேலே பத்து ரூம் ஓடும் சர்வீசுக்கு அதனால் காலணா பிரயோஜனம் இல்லை. இதை முன்கூட்டியே சொல்ல ஓர் ஆளுக்கு வாய் வரவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த பிள்ளைகள் காலையில்தான் படுப்பார்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று 9 மணிக்குக் கரண்ட் போனால் மதியம் 2 மணிக்கு வரும், சில ஊர்களில் மாலை 5 ஆகும். மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஃபேன் இல்லாமல் யார் தூங்க முடியும்? பக்கத்துக் கட்டிடத்து மாடியில் பேனல் சுடச்சுட வெயில் வாங்கிக்கொண்டிருக்கும், அதற்குக் கீழேயும் பிள்ளைகள் சட்டையைக் கழற்றிவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் சாதாரண சோலார் இன்வெர்ட்டர், லைன் போனதும் தானும் நிற்கும். நின்றே ஆக வேண்டும். லைன் செத்துவிட்டது என்று நம்பிப் போஸ்ட்டில் ஏறியிருப்பவர் உயிர் அதில் இருக்கிறது. அந்த நேரத்திலும் ஓட வேண்டும் என்றால் லைனிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு பேட்டரியோடு தனியாக ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகுமா?

கணக்கும் பயமுறுத்துகிற கணக்கு இல்லை. பத்து ரூம், ரூமுக்கு 75 வாட் ஃபேன் ஒன்று, ஐந்து மணி நேரம்: மூன்றே முக்கால் யூனிட். 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்றில் ஏட்டுக்கணக்குக்கு 1.8 யூனிட், முழுவதும் உறிஞ்சினால் பேட்டரி சீக்கிரம் போய்விடும், அதனால் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. ஃபேன்களை 30 வாட் பிஎல்டிசியாக மாற்றிவிட்டால் மொத்தத் தேவையே ஒன்றரை யூனிட்தான். அதிலும் பகலில் கரண்ட் போனால் வெயிலே ஃபேனைச் சுற்றிவிடும், மேகம் மறைக்கும் நேரத்துக்கு மட்டும் பேட்டரி போதும். மேல்மாடி சர்வீசில் ஒரு சின்ன ஹைப்ரிட் மாட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும்.

திரீ பேஸ் கட்டிடங்களில் வேறு தலைவலி. பத்து கிலோவாட் திரீ பேஸ் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் என்றால் ஒரு பேஸுக்குச் சுமார் 3.3 கிலோவாட் என்பதை யாரும் சொல்வதில்லை. போர் மோட்டாரும் ஓனர் வீட்டு ஏசியும் ஒரே பேஸில் தொங்கும். கரண்ட் போன நேரத்தில் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரண்டைப் போல நாலைந்து மடங்கு இழுக்கும், இன்வெர்ட்டர் படுத்துவிடும். பேஸ் செலக்டர் சுவிட்சை வேறு கண்டபடி திருப்புவார்கள். மூன்று பேஸையும் பிரித்துப் போட அரை நாள் வேலை. பொருளை மாற்றித் தரச் சொல்லி மாதக்கணக்கில் போன் போடுகிறார்கள்.

ஊர்க்கோடி வீடுகளில் பார்த்திருக்கிறேன்: போஸ்ட்டிலிருந்து முப்பது மீட்டர், நாலு ஸ்கொயர் எம்எம் அலுமினிய சர்வீஸ் வயர். ஐந்து கிலோவாட் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் நல்ல வெயிலில் 22 ஆம்பியர் வெளியே தள்ளும். அந்த வயரில் அதற்கே ஒன்பது வோல்ட் ஏறும். பகலில் எல்லாரும் வேலைக்குப் போய் லோடு இல்லாத நேரத்தில் லைன் ஏற்கெனவே 245இல் நிற்கும். பல இன்வெர்ட்டர்கள் 230க்குப் பத்து சதவீதம் மேலே, 253ஐத் தாண்டினால் வெட்டிக்கொள்ளும். ஆக, வெயில் உச்சியில் இருக்கும்போது சோலார் விட்டுவிட்டு நிற்கும். ஓனர் பேனல் மட்டம் என்கிறார். பாவம் பேனல் என்ன செய்யும்? தடித்த சர்வீஸ் வயருக்குச் சில ஆயிரம் செலவழித்திருக்க வேண்டும்.

பேனலுக்கு இங்கே பஞ்சமே இல்லை. 2021இல் ஒரகடத்தில் விக்ரம் சோலார், 2024இல் பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் என்று தொழிற்சாலைகளே வந்துவிட்டன. எந்தத் தொழிற்சாலைக்குள்ளும் ஒரு மெஷினை இடம் மாற்றுவதற்கு முன் லோடு லிஸ்ட் கேட்பார்கள், சிங்கிள் லைன் டயகிராமில் குறிப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள். அங்கே எட்டு மணி நேரம் அந்த ஒழுங்கில் நின்ற பிள்ளை தூங்க வரும் இடத்தில் எந்த வயர் எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

10 கிலோவாட் வரை சோலாருக்கு வாரியம் தனியாகச் சாத்தியக்கூறு ஆய்வு செய்யத் தேவையில்லை, விண்ணப்பத்தை ஏற்றதாகவே கொள்ளலாம், தேவைப்பட்டால் அனுமதி லோடையும் உயர்த்திவிட வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. மாதக்கணக்கில் மின்வாரிய ஏஇ ஆபீஸுக்கு அலைந்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி, நான் மறுக்கவில்லை. ஆனால் உயர்வது காகிதத்தில் இருக்கும் லோடு. வீட்டுக்குள் சுவருக்குள் ஓடும் வயர் பழையதுதான். வாரியத்து ஆள் முன்பே வந்து பார்க்கவில்லை என்றால், விற்கிறவராவது பார்க்க வேண்டாமா?

இப்போது கையில் இருக்கும் வேலையைச் சொல்கிறேன். கீழ்வீட்டில் மாட்டிய இன்வெர்ட்டரிலிருந்து யாரோ ஒரு லைனை மட்டும் முதல் மாடிக்கு இழுத்து ஃபேன்களுக்குக் கொடுத்திருக்கிறார். நியூட்ரலுக்கு முதல் மாடி சர்வீஸ் நியூட்ரலையே பிடித்துக்கொண்டார். போன கரண்ட் அதே வழியில் திரும்பாததால், அந்த வித்தியாசத்தைக் கண்டதும் வெட்டும் ஆர்சிசிபி கீழே விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. அதற்கு அவர் கண்ட வைத்தியம், ஆர்சிசிபியைத் தாண்டி நேராக ஒரு வயர். முதல் மாடி ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஃபேன் பாயிண்டில் டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டோமே என்று ஒரு பையன் ஸ்டூலில் ஏறி ஃபேன் மாற்றினால் என்ன ஆகும்? அந்த நியூட்ரல் ஜாயிண்ட் ஒன்று விட்டுப்போனால் என்ன ஆகும்?

ஓனரிடம் காட்டினேன். இழுத்த லைனைக் கழற்றிவிட வேண்டும், ஆர்சிசிபியைப் பழையபடி மாட்ட வேண்டும், முதல் மாடிக்கு அதன் சர்வீசிலேயே தனி இன்வெர்ட்டரும் பேட்டரியும் வைக்க வேண்டும் என்றேன். "ரெண்டு லட்சம் போட்டாச்சு, இன்னும் செலவா? அதான் ஃபேன் ஓடுதே தம்பி" என்றார். இன்வெர்ட்டர் பிறகு வரட்டும் அண்ணே, ஆர்சிசிபியை மாட்டாமல் நான் படியிறங்க மாட்டேன் என்று சொன்னேன். மாட்டினேன். உடனே விழுந்தது, பத்து ரூமிலும் ஃபேன் நின்றது. அவர் வேறு எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்துகொண்டிருக்கிறார்.