வறுமையின் மறுப்பு நோயாளியின் மறுப்பாகாது

மீள இயலாத நோய்நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை, 'காமன் காஸ்' வழக்கில் 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏற்றது. கண்ணியமான இறப்பும் அரசமைப்பின் 21ஆம் உறுப்புக்குள் அடங்கும் என்பதே தீர்ப்பு. அவ்வாவணத்தில் குற்றவியல் நடுவர் மேலொப்பமிட வேண்டும் என்ற நிபந்தனை 2023 ஜனவரியில் தளர்த்தப்பட்டது. இரு சாட்சிகளுடன், நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்று இப்போது போதும்.

யாருக்குப் போதும்? சேரியிலிருந்து வந்த கூலித் தொழிலாளியின் முற்றிய புற்றுநோயை அவரிடம் கூறாமல், மகனைத் தனியே அழைத்து "வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்கிறார் மருத்துவர் எனில், அங்கே மறுத்தவர் யார்? பணமின்மையால் நேரும் வெளியேற்றத்தைத் தன்னாட்சி என்றழைக்க நாம் உடன்படோம். வலி தின்னும் உடலிடம் பெறும் கையொப்பமும் அத்தகையதே. மார்பினுக்கான உரிம நடைமுறை 2014ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் எளிதானது; அம்மருந்து கடைசி ஊர்வரை செல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையை வீடுகளுக்கே கொண்டுசெல்கிறது. நோயாளியிடமே உண்மையைக் கூறவும், அவர் விருப்பத்தைத் தமிழில் எழுதவும், சான்றளிக்கும் அலுவலரை அவ்வீட்டுக்கே அழைத்துவரவும் அக்குழுவினரைப் பணிக்கும் அரசாணையை நாம் கோருகிறோம்.