கசடைப் படிப்பவர்கள்



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வந்ததும் நம் வீடுகளில் பேச்சு மருத்துவம், சட்டம், கணக்கியல் என்றே சுற்றிவரும். நல்ல படிப்புகள்தான். ஆனால் அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்த மாதம் ஒரு பெயரை அவர்கள் காதில் போட்டுவையுங்கள்: சாரதா ஸ்ரீனிவாசன்.

மும்பை ஐ.ஐ.டி.யில் பொறியியல் இயற்பியல் படித்தவர். பரதநாட்டியக் கலைஞரும்கூட. தென்னிந்திய வெண்கலச் சிலைகளின் உலோகத்தை ஆராய்ந்து லண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வுக் காலத்தில்தான் தமிழ்நாட்டில் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேல்சிறுவளூரில், உலோகம் உருக்கும் மண்கலமான மூசையின் உடைந்த துண்டுகள் அவர் கண்ணில் பட்டன. ஊர்க்காரர்களுக்கு அது வெறும் குப்பை. அவர் அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்.

அந்த வேலையை நான் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். துண்டை அறுத்து, பிசினில் பதித்து, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றுவார்கள். அமிலம் கலந்த ஆல்கஹாலை லேசாகத் தடவி நுண்ணோக்கியில் வைத்தால் உலோகத்தின் உள்ளமைப்பு வரிவரியாகத் தெரியும். மேல்சிறுவளூர் மூசைகளின் உட்புறத்தில், உருக்கும்போது பிரிந்து கண்ணாடிபோல் இறுகிய கழிவான கசடுக்குள் சின்னஞ்சிறு உலோகத் துளிகள் சிக்கியிருந்தன. அவற்றில் கார்பன் 1 விழுக்காட்டுக்கும் மேல். அப்படியானால் அது சாதாரண இரும்பல்ல, உலகம் தேடி வாங்கிய ஊட்ஸ் எஃகு. 1994இல் அந்த இடத்தை ஆய்வுலகுக்கு அறிவித்தார். செய்த கொல்லனின் பெயர் நமக்குத் தெரியாது. அவன் என்ன செய்தான் என்பதை அந்தத் துளி சொல்லிவிட்டது.

தூய இரும்பு உருக 1,538 பாகை செல்சியஸ் வேண்டும். கரி உலையில் அந்தச் சூட்டை எட்டுவது பெரும்பாடு. இரும்போடு ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் மூசையில் அடைத்து, மண்ணால் மூடிச் சூடேற்றியதாகச் சேலம் வட்டாரத்து முறையை 19ஆம் நூற்றாண்டில் ஹீத் என்ற ஆங்கிலேயர் எழுதிவைத்திருக்கிறார். இலையும் குச்சியும் தந்த கார்பன் இரும்புக்குள் ஏற ஏற, அதன் உருகுநிலை இறங்கும். எத்தனை பெரிய அறிவு இது! கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819 வாக்கில் ஊட்ஸின் ரகசியத்தைத் தேடி லண்டனில் சோதனை செய்தார். அவராலும் முழுதாக அவிழ்க்க முடியவில்லை. பழங்கால உலோகங்களை ஆராய்ந்த பணிக்காகச் சாரதாவுக்கு 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பழங்கால ஆராய்ச்சிதானே, பிழைப்புக்கு உதவுமா என்று கேட்கலாம். இன்றைய எஃகாலைக்கும் கசடுதான் உயிர். பழைய இரும்பை மின்வில் உலையில் 1,600 பாகை அளவில் உருக்கும்போது சுண்ணாம்பு சேர்ப்பார்கள். மேலே மிதக்கும் கசடு பாஸ்பரஸை இழுத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் எஃகிலேயே தங்கினால் குளிரில் எஃகு முறியும். கசடு நுரைத்துப் பொங்கி மின்வில்லை மூடினால் மின்சாரம் மிச்சம், உலைச் சுவருக்கும் ஆயுள். அந்த நுரை எப்போது பொங்கும், எப்போது அடங்கும் என்று கணிப்பதற்கே ஆயுள் முழுதும் உழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்டாக்ஹோமின் கேடிஎச் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்த சேஷாத்ரி சீதாராமன் உருகிய உலோகத்தையும் கசடையும் ஆராய்ந்தே உலகப் புகழ் பெற்றார். உலகின் கரியமிலவாயுவில் ஏறக்குறைய 7 விழுக்காடு இரும்பு எஃகுத் தொழிலிலிருந்து வருகிறது. அதைக் குறைக்கும் வேலை இனி உங்கள் பிள்ளைகளின் தலைமுறைக்கு.

நம் ஜொகூருக்கும் மலேசியாவுக்கும் இது அந்நியமான கதையல்ல. பத்து பகாட்டின் ஸ்ரீ மேடானில் 1920களில் ஜப்பானியர் தோண்டிய இரும்புத் தாது கப்பலேறி ஜப்பானின் யவாத்தா எஃகாலைக்குப் போனது. பாசிர் கூடாங்கில் பழைய இரும்பை உருக்கும் தொழில் வந்தது. கெடாவின் சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளும் ஊதுகுழல்களும் கசடும் வெளிப்பட்டன. அதன் காலம் பற்றி அறிஞர்களிடையே விவாதம் உண்டு. அந்தக் கசடையும் ஒரு தமிழ்ப் பிள்ளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. இதற்கான படிப்பைத் தேடித் தொலைதூரம் போக வேண்டாம். நம் ஸ்கூடாயில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலோடு பொருளறிவியலும் கற்பிக்கிறார்கள். இயற்பியலும் வேதியியலும் கைவசம் இருந்தால் போய் விசாரியுங்கள்.

உலைக்கருகே நின்று வேலை பார்த்த அப்பாக்களும் தாத்தாக்களும் நம் வாசகர்களில் நிச்சயம் இருப்பார்கள். கசடின் நிறத்தைப் பார்த்தே உருக்கு தயாரா என்று நீங்கள் எப்படிச் சொன்னீர்கள்? நிறம், வாடை, சத்தம் எதையும் விடாமல் எங்களுக்கு எழுதுங்கள். எழுத வராதென்றால் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்