ஆளில்லாத் தீவும் நம் காலடியும்

மாந்தர் வாழாத தீவொன்றைக் காண வேண்டும் என்னும் வேட்கை இளைஞர் உள்ளத்தில் எழுதல் இயல்பே. எம் தோழர் சிலர் இவ்வாண்டுக் கல்விப் பயணத்தை மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு அமைத்தல் வேண்டுமென விரும்பினர். யாமும் முதற்கண் உடன்பட்டோம். ஆயின், எண்ணிப் பார்க்குந்தோறும், அங்கே செல்லும் உரிமையை நாம் எதனால் பெற்றோம் என்னும் வினா எம்மை விடாது பற்றிற்று.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள் எண்ணப்பட்டன. அவை 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பெற்றன. ஆயினும், விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டும் இன்று நீருள் மூழ்கிக் கிடக்கின்றன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பவளப் பாறையை நெடுங்காலம் வெட்டியெடுத்தமை இதற்குப் பெருங்காரணம். அலையைத் தடுக்கும் மதில் அப்பாறையே. மதில் போயபின் மணல் எங்ஙனம் நிற்கும்? 2001-இல்தான் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலிற் சேர்ந்தன. தூத்துக்குடியை அடுத்த வான் தீவும் தேய்ந்தமையால், அதன் அருகே செயற்கைப் பாறைகளை இறக்கிக் காக்க வேண்டியதாயிற்று.

ஆதலின் கட்டுப்பாடு வேண்டுவதே. ஆனால், அதன் சுமையைத் தாங்குவார் யாவர்? அத்தீவுகளைச் சூழ்ந்த கடலில் மூழ்கிப் பாசி எடுத்து வயிறு வளர்க்கும் மீனவப் பெண்டிரே. அவர்கள் மாதத்தில் சில நாட்களே பாசி எடுப்பதெனத் தமக்குத் தாமே வரம்பு வகுத்துக்கொண்டனர். அவர்தம் தலைவியாகிய சின்னப்பாலத்து லட்சுமி அம்மையார்க்கு 2015-இல் அமெரிக்க நாட்டுச் சீக்காலஜி பரிசு கிடைத்தது. பிழைப்புக்காகச் செல்பவர் தம் காலைக் கட்டிக்கொள்ள, பொழுதுபோக்குக்காகச் செல்லும் நாம் தடையின்றி உலவ விழைதல் நீதியாமோ?

"காணாத ஒன்றைப் பேணுவது எங்ஙனம்?" என்பர் நண்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. அதற்கு எமதூர்க் கடலே விடை கூறும். அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரையுள்ள பாக்கு விரிகுடாக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் தமிழக அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. கடற்பசுவை மீனவர் ஆவுளியா என்பர். கடற்புல் மேய்ந்து வாழும் அவ்வுயிரை எமதூரார் பலர் ஒருமுறையேனும் கண்டதில்லை. எனினும், வலையிற் சிக்கிய ஆவுளியாவை, வலை பாழாயினும் அறுத்துக் கடலில் விட்ட மீனவர் இக்கரையில் உண்டு. அதனைக் காத்தது வேடிக்கை பார்க்கும் ஆவலன்று. கடலோடு கூடிய வாழ்வே.

ஆகவே, நண்பர்காள்! தீவைக் கண்டே தீரவேண்டுமெனின், வனத்துறை வகுத்த நெறிப்படி, படகில் அழைத்துச் செல்லும் குருசடைத் தீவுக்குச் சிலராய்ச் செல்வோம். ஒரு சிப்பியும் எடுத்துவாரோம். ஒரு காகிதமும் விட்டுவாரோம். அதற்கு முன் ஒருநாள் பாசி எடுக்கும் பெண்டிரை ஆசிரியராகக் கொண்டு, உரிய ஊதியம் அளித்து, கரையிலமர்ந்து பாடம் கேட்போம். அதற்குப் பொறுமை இல்லையேல், நாம் கரையிலேயே நின்றுவிடுதல் தீவுக்கும் நன்று, நமக்கும் நன்று.