புல் முடிந்து வைப்போம்

வெளிநாட்டுச் சாகசப் பயணங்களை இணையத்தில் பகிரும் தமிழர்களின் கொள்கைப் பிரகடனம்

முதுகுப்பையோடு நாடு நாடாய்த் திரிகிறவர்கள் நாங்கள். மலை ஏறுகிறோம், பாலைவனத்தில் கூடாரம் போடுகிறோம், மொழி தெரியாத ஊரில் பேருந்துக்குக் காத்திருக்கிறோம். கண்டதையெல்லாம் கைப்பேசியில் பதிந்து இணையத்தில் ஏற்றுகிறோம். பார்ப்பவர்களில் நண்பர்களும் சொந்தக்காரர்களும் உண்டு. அவர்களைவிடப் பல மடங்கு, நாங்கள் முகம்கூடப் பார்த்திராதவர்கள். அந்த முகம் தெரியாதவர்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடமை என்ன என்பதை ஊரறிய அறிவிக்கவே இந்தப் பிரகடனம்.

எங்கள் மரபு

வழி தெரிந்தவர் தெரியாதவருக்கு எடுத்துச் சொல்வது தமிழில் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்தது. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையோடு எதிரே வரும் கலைஞரை வள்ளலிடம் அனுப்பிவைப்பதுதான் ஆற்றுப்படை. அவற்றுள் மலைபடுகடாம் எங்களுக்கு மிக நெருக்கமானது. நன்னனின் மலைநாட்டுக்குப் போகும் வழியை அது 583 அடிகளில் சொல்கிறது. மலையின் அழகையும் மன்னனின் கொடையையும் புகழ்வதோடு அது நிற்கவில்லை. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல், கால் வழுக்கும் பாறை என்று வழியிலுள்ள ஆபத்துகளை ஒவ்வொன்றாக எச்சரிக்கிறது. வழி பிரியும் இடத்தில், பின்னால் வரும் புதியவர்கள் திகைக்காமலிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துப் போகும்படியும் சொல்கிறது. முகம் தெரியாத பயணிக்காகக் கவலைப்பட்ட அந்த அறிவுரையே எங்கள் இயக்கத்தின் வேர்.

கடந்த நூற்றாண்டில் ஏ.கே. செட்டியார், காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்தார். 1940-ல் அந்தப் படம் வெளிவந்தது. தன் பயணங்களை எழுதியதோடு நில்லாமல், பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்துக் கொடுத்தார். பின்னர் மணியன் போன்றவர்கள் வார இதழ்களில் எழுதிய தொடர்கள் வழியாக வெளிநாட்டை அச்சில் பார்த்தது ஒரு தலைமுறை. அந்த வாசகர்களில் பெரும்பாலானோர் வீட்டில் இருந்தபடியே படித்தார்கள். பாஸ்போர்ட்டும் விமானக் கட்டணமும் அவர்களுக்கு எட்டாதவை. எழுதியவர் ஒரு தகவலை விட்டுவிட்டாலும் படித்தவர் எங்கேயும் மாட்டிக்கொள்ளவில்லை.

இன்றைய நிலை

இன்று பார்க்கிறவர் பின்னாலேயே புறப்பட்டு வந்துவிடுகிறார். தாய்லாந்து 2023 நவம்பரிலும், மலேசியா அதே ஆண்டு டிசம்பரிலும் இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதிக்கத் தொடங்கின. காலையில் காணொளி பார்த்தவர் மாலையில் டிக்கெட் எடுக்கிறார். நாம் சொன்னதை நம்பித்தான் எடுக்கிறார். நாம் சொல்லாமல் விட்டதற்கு அவர் விலை கொடுக்கிறார்.

போகிற இடமும் விலை கொடுக்கிறது. தாய்லாந்தின் பீ பீ தீவுகளிலுள்ள மாயா விரிகுடா, 2000-ல் வந்த 'தி பீச்' படத்தால் உலகப் புகழ் பெற்றது. நாளொன்றுக்கு 5,000 பேர் வரை வந்து குவிந்ததில் அங்குள்ள பவளப்பாறைகள் சிதைந்தன. 2018-ல் மூடிய விரிகுடாவை 2022-ல்தான் கட்டுப்பாடுகளோடு திறந்தார்கள். அன்று ஒரு சினிமா செய்ததை இன்று கைப்பேசிகள் செய்கின்றன. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் கிராமத்தில் வாழ்பவர்கள் 700 சொச்சம் பேர். சீசனில் ஒரே நாளில் 10,000 பேர் வரை வந்து இறங்குகிறார்கள். ஜப்பானின் ஃபுஜிகாவாகுச்சிகோ நகரில், ஒரு கடைக்குப் பின்னால் ஃபுஜி மலை எழும் காட்சியைப் படமெடுக்க வந்தவர்களின் தொல்லை தாங்காமல், 2024 மே மாதம் நிர்வாகம் கறுப்புத் திரை கட்டி அந்தக் காட்சியையே மறைத்தது. நார்வேயின் ட்ரோல்துங்கா பாறை நுனியில் ஒருவர் தன்னந்தனியாக நிற்கும் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தம் முறைக்காக அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அந்தப் படங்களில் வருவதில்லை.

அந்த வரிசையையும் சேர்த்துக் காட்டுவதற்காகவே இந்த இயக்கம் தொடங்குகிறது.

எங்கள் கொள்கைகள்

1. ஆபத்தை முதலில் சொல்வோம். எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வழியில் 3,440 மீட்டரிலுள்ள நாம்சே பஜாரில் தங்கி உடம்பைப் பழக்காமல் விரைந்து ஏறினால், தலைவலியிலும் வாந்தியிலும் தொடங்கும் உபாதை நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிரைப் பறிக்கலாம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலையேற்ற மருத்துவம் சொல்லும் விதி. நம் காணொளியில் சூரிய உதயத்துக்கு முன் இந்த விதி வர வேண்டும். செல்ஃபி எடுக்கப் போய் 2011-க்கும் 2017-க்கும் இடையில் உலகெங்கும் 259 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. அவர்களில் அதிகம் பேர் இறந்தது இந்தியாவில். விளிம்பில் தொங்கி எடுத்த படத்தை நாங்கள் வெளியிட மாட்டோம். பிறர் வெளியிட்டாலும் பாராட்ட மாட்டோம்.

2. சட்டத்தை மறைக்க மாட்டோம். வியட்நாமின் ஹா ஜியாங் மலைச்சாலையில் பைக் ஓட்டுவது நம் இளைஞர்களின் கனவு. ஆனால் இந்தியா வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தின்படியானதை. வாடகைக்கு பைக் கொடுப்பவர் இதைச் சொல்ல மாட்டார். விபத்து நடந்தால் பயணக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். மொராக்கோவுக்கு அனுமதியின்றி ட்ரோன் கொண்டுபோனால் சுங்கத்திலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். இவற்றைச் சொல்லாத பயணக் குறிப்பு அரைகுறைக் குறிப்பு.

3. கணக்கை மறைக்க மாட்டோம். விடுதி இலவசமாகக் கிடைத்தால் அதை முதல் வரியிலேயே சொல்வோம். விசாக் கட்டணம், வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய இருப்பு, ஷெங்கன் விசாவுக்குக் கட்டாயமான 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, நம்ப முடியாத ஒரு தொகையை முகப்பில் பெரிய எழுத்தில் போடும் வித்தையைக் கைவிடுவோம். விசா மறுக்கப்பட்ட கதையையும் சொல்வோம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு வெற்றிக் கதையைவிட அது அதிகம் பயன்படும்.

4. மனிதர்களைக் காட்சிப்பொருளாக்க மாட்டோம். கிழக்கு ஜாவாவின் ஈஜென் எரிமலையில் நீலச் சுடரைப் பார்க்க நள்ளிரவில் ஏறுகிறோம். அதே பாதையில் 70 கிலோவுக்கும் மேற்பட்ட கந்தகக் கட்டிகளைத் தோளில் சுமந்து தொழிலாளர்கள் ஏறுகிறார்கள். நாம் முகமூடி அணிந்து இரண்டு மணி நேரம் சுவாசிக்கும் புகை அவர்களுக்கு அன்றாடம். அவர்களுக்கு வழிவிட வேண்டும், கேட்டுவிட்டே படமெடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் கேமராவை அணைத்துவிட வேண்டும். குழந்தைகளின் முகத்தைக் காட்டவே மாட்டோம். எந்த இனத்தையும் 'பயங்கரமான மக்கள்' என்று தலைப்பிட்டு விற்க மாட்டோம்.

5. தாங்காத இடத்துக்கு வழி காட்ட மாட்டோம். கழிப்பறை, குப்பைத்தொட்டி, மீட்புப்படை எதுவும் இல்லாத ஓர் அருவியைத் துல்லியமான வரைபடக் குறியோடு லட்சம் பேருக்கு அறிவிப்பது உதவி ஆகாது. அங்கே பகுதியின் பெயர் போதும். உள்ளூர் மக்கள் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால் அதையும் சொல்ல மாட்டோம்.

6. இருக்கும் இடத்தை அந்த நேரத்தில் அறிவிக்க மாட்டோம். தங்கும் விடுதியை விட்டுக் கிளம்பிய பிறகே அதன் பெயரை வெளியிடுவோம். தனியே பயணிக்கும் பெண்களிடம் 'இப்போது எங்கே' என்று கேட்பதை எங்கள் பக்கங்களில் அனுமதிக்க மாட்டோம். இணையத்தில் அறிமுகமானவரை முதன்முதலில் சந்திப்பது பொது இடத்தில்தான்.

7. பாதியில் திரும்பியவரை மதிப்போம். 2014 அக்டோபரில் நேபாளத்தின் தோரோங் லா கணவாயிலும் சுற்றியுள்ள மலைகளிலும் பனிப்புயலிலும் பனிச்சரிவிலும் சிக்கி நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வானம் சரியில்லை என்று திரும்பும் முடிவை எடுக்கத் துணிச்சல் வேண்டும். அப்படித் திரும்பிய பயணத்தை உச்சி தொட்ட பயணத்துக்குச் சமமாகவே பகிர்வோம்.

8. தேதி போடுவோம், திருத்துவோம். விசா விதியும் பேருந்துக் கட்டணமும் மாறிக்கொண்டே இருப்பவை. ஒவ்வொரு பதிவிலும் பயணம் செய்த மாதமும் ஆண்டும் இருக்கும். தவறு என்று யாராவது சுட்டினால் அதைச் சரிபார்த்து, திருத்தியதையும் அறிவிப்போம்.

அமைப்பு

இந்த இயக்கத்துக்குத் தலைவர் இல்லை, சந்தா இல்லை. லட்சம் பேர் பின்தொடர்பவருக்கும் நாற்பது நண்பர்களுக்கு மட்டும் படம் அனுப்புகிறவருக்கும் இங்கே ஒரே இடம்தான். முகம் தெரியாத ஒருவர் வழி கேட்டால் தெரிந்ததை இலவசமாகச் சொல்வோம். தெரியாவிட்டால் தெரியாது என்போம். கமிஷன் வாங்கிக்கொண்டு யாரிடமும் அவரை அனுப்பிவைக்க மாட்டோம். பகிர்ந்து சம்பாதிப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. கேட்பவரின் நம்பிக்கையை விற்றுச் சம்பாதிப்பதை எதிர்க்கிறோம்.

அறைகூவல்

தமிழில் பயணம் எழுதுகிறவர்களே, படம் பிடிக்கிறவர்களே, எங்களோடு சேருங்கள். பார்க்கிறவர்களே, நீங்களும் கேள்வி கேளுங்கள். இதற்கு யார் பணம் கொடுத்தார்கள், எந்த மாதம் போனீர்கள், என்ன தவறாகப் போனது என்று கேளுங்கள். பதில் சொல்லாதவரைப் பின்தொடராதீர்கள்.

சேர விரும்புகிறவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உங்கள் பழைய பதிவு ஒன்றை இன்றே திறந்து பாருங்கள். அதில் சொல்லாமல் விட்ட ஓர் ஆபத்தையோ ஒரு செலவையோ ஒரு விதியையோ சேர்த்துவிடுங்கள். அதைச் செய்த கணமே நீங்கள் எங்களில் ஒருவர்.