விளைச்சல் ஆய்வும் பட்டாவில் பெயரில்லாத உழவரும்

காய்கறி விளைச்சலையும் தரத்தையும் உயர்த்தும் ஆராய்ச்சி சாதிக்கு அப்பாற்பட்டது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. விதைக்குச் சாதி தெரியாது. சொட்டுநீர்க் குழாய்க்கு ஊரும் சேரியும் ஒன்றுதான். ஆனால், ஆய்வு நிலையத்தில் உருவாகும் தொழில்நுட்பம் வயலைச் சென்றடைய வேண்டுமானால் வருவாய்த் துறையின் பதிவேடுகளைக் கடந்தாக வேண்டும். அந்தப் பதிவேடுகளில் யாருடைய பெயர் இருக்கிறது, யாருடைய பெயர் இல்லை என்பதைச் சாதி நெடுங்காலத்துக்கு முன்பே தீர்மானித்துவிட்டது.

தமிழ்நாட்டில் பெரிதும் பேசப்பட்ட ஒரு முன்மாதிரியை எடுத்துக்கொள்வோம். 2004-05 முதல் மூன்றாண்டுகள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டேரில் துல்லியப் பண்ணையத் திட்டத்தை நடத்தியது. உளிக்கலப்பையால் ஆழ உழுதல், குழித்தட்டில் வளர்த்த நாற்று, சொட்டுநீரோடு சேர்த்தே செலுத்தும் உரம், விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து விற்பது ஆகியவை அதன் கூறுகள். தக்காளி, கத்தரி, மிளகாய் முதலிய பயிர்களில் விளைச்சலும் உயர்ந்தது, சந்தை விரும்பும் சீரான தரமும் கிடைத்தது. முதலாண்டில் 100 விழுக்காடு, பின்னர் 90, 80 விழுக்காடு என அரசு மானியம் அளித்தது. இந்த அறிவியலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பெங்களூருவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'அர்கா ரக்ஷக்' தக்காளி, இலைச்சுருட்டை, பாக்டீரியா வாடல், இலைக்கருகல் ஆகிய மூன்று நோய்களையும் தாங்குகிறது. அதுவும் மக்கள் வரிப்பணத்தில் விளைந்த சாதனையே.

நம் கேள்வி வேறு. மக்கள் பணத்தில் நடக்கும் இந்த ஆய்வின் பயனைப் பெறுவதற்கான தகுதி என்ன? தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு மானியம் உண்டு. அதற்கு விண்ணப்பிப்பவர் சிட்டா, அடங்கல், நில வரைபடம், சிறு-குறு விவசாயி என்னும் வட்டாட்சியரின் சான்று ஆகியவற்றைத் தர வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு, குறு விவசாயிகளுக்கு 20 விழுக்காடு கூடுதல் மானியம் என வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வருகிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால், அந்தக் கூடுதலும் நிலம் உள்ளவருக்கே கூடுதல். பட்டாவே இல்லாதவருக்கு 20 விழுக்காடும் ஒன்றுதான், 100 விழுக்காடும் ஒன்றுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் கையிலிருந்த சாகுபடிப் பரப்போ மொத்தத்தில் சுமார் 9 விழுக்காடுதான். உழைக்கும் பட்டியல் சாதியினரில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் விவசாயக் கூலிகள் என்று அதே 2011 கணக்கெடுப்பு பதிவு செய்தது. நாற்று நடுவது, களையெடுப்பது, மருந்தடிப்பது, காய் பறிப்பது, தரம் பிரிப்பது என ஒரு தக்காளி சந்தைக்குப் போகும்வரை அதைத் தொடும் கைகளில் பல இவர்களுடையவை. ஆயினும் அரசின் கண்ணில் இவர்கள் விவசாயிகள் அல்லர்.

இது சட்டத்தின் போதாமை மட்டுமன்று. 2007ஆம் ஆண்டின் தேசிய விவசாயிகள் கொள்கை, குத்தகைதாரர், வாரத்துக்குப் பயிரிடுவோர், விவசாயத் தொழிலாளர் அனைவரையும் 'விவசாயி' என்ற சொல்லுக்குள் அடக்கியது. ஆனால், 2019இல் தொடங்கப்பட்ட பிரதமரின் கிசான் நிதித் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை நிலவுடைமைக் குடும்பங்களுக்கு மட்டுமே தருகிறது. கொள்கை ஏட்டில் இருக்கிறது. பணம் பட்டாவின் பின்னால் போகிறது.

குத்தகைதாரரின் நிலையும் இதுவே. 1969ஆம் ஆண்டிலேயே குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கென ஒரு சட்டம் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. ஆனால், வாய்மொழிக் குத்தகையில் பயிரிடும் தலித் குடும்பம் பதிவுக்கு விண்ணப்பித்தால், அடுத்த பருவத்தில் அந்த நிலம் கையில் இருக்காது என்னும் அச்சமே முன்னால் நிற்கிறது. சொட்டுநீர்க் குழாய் பல ஆண்டு முதலீடு. ஒரு பருவக் குத்தகையை நம்பி அதைப் பதிப்பவர் யார்? ஆந்திரத்தின் 2019 சாகுபடியாளர் உரிமைச் சட்டம் குத்தகைதாரருக்கு அட்டை தர முன்வந்தபோதும், நில உரிமையாளரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. கையெழுத்திட மறுக்கும் உரிமை ஒருவருக்கு இருக்கும்வரை மற்றவரின் உரிமை அவருடைய தயவாகவே இருக்கும்.

நிலமே இல்லாமல் போனது எப்படி என்பதையும் மறக்கலாகாது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பிறப்பிக்கப்பட்ட அரசாணையின்படி தலித் மக்களுக்குப் பஞ்சமி நிலம் வழங்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று பிறர் கையில். அவற்றை மீட்கக் கோரிய போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள். மீட்கப்படாத ஒவ்வோர் ஏக்கரும், புதிய விதையும் புதிய பாசனமும் தலித் உழவரைச் சென்றடையாத ஓர் ஏக்கர்.

அடுத்து, தரம். காய்கறியில் எஞ்சும் பூச்சிக்கொல்லியின் அளவுக்கு உணவுப் பாதுகாப்பு விதிகள் உச்சவரம்பு வைத்துள்ளன. அதை அளக்க ஆய்வகங்களும் உண்டு. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் தெளிக்க 2005லேயே தடை வந்தது. உண்பவரின் நலன் கருதிய இவை தேவையானவைதாம். ஆனால், தெளிப்பவரின் தோலிலும் மூச்சிலும் எவ்வளவு நஞ்சு சேர்கிறது என்பதை யார் அளக்கிறார்கள்? 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் பாதுகாப்பு உடையையும் சுவாசக் கவசத்தையும் வலியுறுத்துகின்றன. நாம் வழக்குகளுக்காகச் செல்லும் ஊர்களில், முகத்தில் கட்டிய துண்டே கவசம். தரம் என்ற சொல் காயோடு நின்றுவிடுகிறது. காயை விளைவித்த உடலை அது எட்டுவதில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1918இலேயே இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், நிலத்தின் பரப்பை மட்டும் வைத்து உற்பத்தித் திறனைப் பேசுவதை மறுத்தார். நிலத்தோடு முதலும் கருவியும் எந்த விகிதத்தில் சேர்கின்றன என்பதே முக்கியம் என்றார். 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில், நிலத்தை அரசுடைமையாக்கி, சாதி வேறுபாடின்றிக் கிராம மக்களுக்குக் குத்தகைக்கு விட்டு, கூட்டுப் பண்ணைகளாக நடத்த வேண்டும் என்று முன்மொழிந்தார்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்போருக்குக் கேரளத்தின் குடும்பஸ்ரீ பெண்கள் பதில் சொல்கிறார்கள். குழுவாக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, வாழையும் காய்கறியும் பயிரிடுகிறார்கள். பொருளியலறிஞர் பீனா அகர்வால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கேரளக் குழுப் பண்ணைகளின் ஒரு ஹெக்டேர் விளைச்சல் மதிப்பு தனிக் குடும்பப் பண்ணைகளைப்போல் 1.8 மடங்கு இருந்தது. தெலங்கானாவில் குழுக்களின் விளைச்சல் தனிக் குடும்பப் பண்ணைகளைவிடக் குறைவாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு கூறுகிறது. அரசின் ஆதரவு, பயிர்த் தேர்வு, நிலம் கிடைக்கும் விதம் ஆகியவை இரு மாநிலங்களிலும் வேறுவேறு. ஆக, நில உறவும் விளைச்சலை நிர்ணயிக்கும் ஒரு காரணி. விதையையும் உரத்தையும் சோதிப்பது போலவே அதையும் ஆராய வேண்டும்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. முதலாவதாக, தோட்டக்கலை மானியங்களுக்குப் பட்டாவுக்கு மாற்றாக, உரிமையாளரின் கையெழுத்தைக் கேட்காத சாகுபடிச் சான்று ஏற்கப்பட வேண்டும். இரண்டாவதாக, மீட்கப்படும் பஞ்சமி நிலங்களிலும் அரசுத் தரிசுகளிலும் தலித் பெண்களின் குழுப் பண்ணைகளுக்கு முன்னுரிமை வேண்டும். நிலமற்ற பெண்களுக்கு நிலம் வாங்க 50 விழுக்காடு மானியம் தரும் தாட்கோவின் நன்னிலம் திட்டம் இதனோடு இணைக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, பட்டியல் சாதித் துணைத் திட்ட நிதியில் விதைப் பொட்டலமும் தெளிப்பானும் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளும் வழக்கம் நிற்க வேண்டும். 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தை இதற்குப் பயன்படுத்த முடியும். நான்காவதாக, ஒவ்வொரு விளைச்சல் ஆய்வும் கூலி எவ்வளவு உயர்ந்தது, தெளிப்பவரின் உடல்நலம் என்னவாயிற்று என்பதையும் தன் முடிவுகளில் பதிய வேண்டும்.

ஹெக்டேருக்கு எத்தனை டன் என்று கேட்பது அறிவியலின் கடமை. அந்த ஹெக்டேர் யாருடையது என்று கேட்பது அரசமைப்பின் கடமை. இரண்டாவது கேள்வியைத் தவிர்த்துவிட்டு முதல் கேள்விக்கு மட்டும் விடை தேடும் ஆய்வு, ஏற்கெனவே நிலம் உள்ளவரின் களஞ்சியத்தையே மேலும் நிரப்பும்.