நாய்க்குட்டி வயிறும் நாலு பேர் யோசனையும்

வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்தா, கூடவே நாலு டாக்டரும் வந்துடறாங்க. ஊர்ல இருந்து போன்ல ஒருத்தர், எதிர் ஃப்ளாட்ல ஒருத்தர், லிஃப்ட்ல ஒருத்தர், யூட்யூப்ல ஒருத்தர். குட்டிக்கு வயிறு சரியில்லைன்னு வாயைத் திறந்தாப் போதும், ஆளுக்கொரு பத்தியம் சொல்லுவாங்க. இதுல நான் எந்தக் கட்சின்னு முதல்லயே சொல்லிடறேன். வயிறு சரியில்லாத குட்டிக்குத் தேவை தினம் ஒரு "நல்ல" சாப்பாடு இல்லை. மாறாத சாப்பாடு, அளவான சாப்பாடு. அதுவும் டாக்டர்கிட்ட காட்டினதுக்கு அப்புறம்.

நாங்க நொய்டாவுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. பசங்க நச்சரிப்பு தாங்காம போன வருஷம் ஒரு லேப்ரடார் குட்டி வாங்கினோம். ரெண்டு மாசக் குட்டி, பேரு லட்டு. வந்த நாலாம் நாள் வயித்தால போக ஆரம்பிச்சது. உடனே பஞ்சாயத்து கூடிடுச்சு. கும்பகோணத்துல இருந்து அம்மா, "தயிர் சாதம் பிசைஞ்சு வைடா". வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, "தூத்-ரொட்டி குடுங்க, எங்க ஊர்ல எல்லா நாயும் அதுலதான் வளருது". எதிர் ஃப்ளாட் நண்பர், "கிரெய்ன் ஃப்ரீ இம்போர்ட்டட் பேக்கட்தான் சரி". கடைக்காரர் கையில ஒரு பவுடர் டப்பா.

எல்லார் பேச்சையும் கேட்டிருந்தா அஞ்சு நாள்ல அஞ்சு சாப்பாடு ஆகியிருக்கும். சிக்கலே அங்கதான். குட்டியோட குடல்ல இருக்கிற நுண்ணுயிர்கள் ஒரு சாப்பாட்டுக்குப் பழக சில நாள் வேணும். அதுக்குள்ள அடுத்ததை மாத்தினா, நல்ல சாப்பாடே பேதி மருந்து மாதிரி வேலை செய்யும். அப்புறம் "இதுவும் ஒத்துக்கலை"ன்னு அதையும் மாத்துவோம்.

ஒவ்வொரு யோசனையா பார்ப்போம்.

முதல்ல பால். வடக்கே வீட்டுக்கு வீடு ஃபுல் க்ரீம் பால்தான், 6 சதவீதம் கொழுப்பு. தாய்ப்பால் மறந்த குட்டிக்கு, பால்ல இருக்கிற லாக்டோஸை ஜீரணிக்கிற என்சைம் குறைஞ்சுக்கிட்டே வரும். பசுவின் பால்ல லாக்டோஸ் நாய்ப்பாலை விட அதிகம் வேற. ஜீரணமாகாத லாக்டோஸ் குடலுக்குள்ள தண்ணியை இழுக்கும், வாயு உண்டாகும், வயித்தால போகும். தூத்-ரொட்டியில பெரும்பாலும் குற்றவாளி ரொட்டி இல்லை, தூத்! "பால் குடிக்காத நாய்க்குட்டியா?"ன்னு யாராவது கேட்டா, "ஆமாம், எங்க வீட்ல இருக்கு"ன்னு சொல்லிடுங்க :-)

அடுத்தது தயிர் சாதம். அம்மா சொன்னதுல பாதி நியாயம் இருக்கு. குழைஞ்ச சோறு வயித்துக்கு இதம். நாய்க்கு அரிசியே ஆகாதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல்: 2013-ல ஸ்வீடனோட உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், மாவுச்சத்தை ஜீரணிக்க உதவற ஒரு மரபணு ஓநாயை விட நாய்க்கு நிறைய பிரதிகளா இருக்குன்னு காட்டினாங்க. நம்மகூட பல ஆயிரம் வருஷம் சாப்பிட்டுப் பழகின வயிறு அது. ஆனா வளர்ற குட்டிக்குத் தயிர் சாதம் மட்டுமே போட்டா புரதம் பத்தாது, கால்சியம் கணக்கும் சரியா வராது. தாளிச்சது சுத்தமா வேண்டாம். வெங்காயம், பூண்டு ரெண்டுமே நாய்க்கு விஷம்.

மூணாவது, கிரெய்ன் ஃப்ரீ. விலை அதிகம்ங்கறதாலயே உசத்தின்னு ஆயிடாது. அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. 2018-ல இந்த வகை உணவுக்கும் நாய்களோட இதய நோய் ஒண்ணுக்கும் தொடர்பு இருக்கான்னு விசாரிக்க ஆரம்பிச்சது. காரணம் இதுதான்னு நிரூபணம் ஆகலை. ஆனா, தானிய அலர்ஜி இல்லாத குட்டிக்கு அதைத் தேடி வாங்கவும் காரணம் இல்லை.

அப்போ என்னதான் செய்யறது?

சாப்பாட்டுக்கு முன்னாடி மலப் பரிசோதனை. உருண்டைப் புழு தாய் வயித்துலயும் தாய்ப்பால்லயும் குட்டிக்கு வந்துடும், அதனால நல்ல இடத்துல வாங்கின குட்டிக்கும் பூச்சி இருக்கலாம். அது நம்ம பசங்களுக்கும் தொத்தும். பூச்சியை வயித்துல வச்சுக்கிட்டு பேக்கட் மாத்தி என்ன பிரயோஜனம்? லட்டுவுக்கும் பூச்சிதான் இருந்தது. மருந்து கொடுத்து, டாக்டர் சொன்னபடி மூணு நாள் உப்பு மசாலா இல்லாம வேக வச்ச கோழியும் குழைஞ்ச சோறும் போட்டோம். (கோழி விஷயம் கும்பகோணத்துக்கு இன்னும் தெரியாது.) அப்புறம் பழைய பேக்கட்டுக்கே திரும்பினோம். ரெண்டு வாரத்துல சரியாயிடுச்சு.

இந்தக் கோழிச் சோறு தற்காலிகம்தான். மாசக்கணக்குல அதையே போட்டா எலும்பு வளர்ச்சி கெடும். வயிறு சரியான பிறகு, வேற உணவுக்கு மாத்தணும்னா 7 முதல் 10 நாள் எடுத்துக்கோங்க: முதல்ல புதுசு கால் பங்கு, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால், கடைசியா முழுசு. பேக்கட்ல குட்டிகளுக்கானதுன்னும், முழுமையான சமச்சீர் உணவுன்னும் போட்டிருக்கணும். லேப்ரடார் மாதிரி பெரிய இனம்னா அதுக்கான குட்டி உணவு. கூடுதலா கால்சியம் டானிக் கொடுத்தா பெரிய இனக் குட்டிக்குக் கெடுதல். சைவ வீட்டுக்காரங்க என்ன போடலாம்னு டாக்டர்கிட்டயே கேளுங்க, கேட்கறதுல கூச்சம் வேண்டாம். ஒரு நாள் அளவை மூணு நாலு வேளையா பிரிச்சு, அளந்து போடுங்க. கண் அளவுல போட்டா கை எப்பவும் தாராளம், அதிகமா தின்னாலும் வயித்தால போகும். பசங்க டேபிளுக்குக் கீழ தள்ளற ரஸ்க், பிஸ்கட் எல்லாம் கணக்குல சேரும். சாக்லேட், திராட்சை, பாயசத்துல போடற உலர் திராட்சை கூடவே கூடாது.

இதெல்லாம் ஓடியாடி விளையாடற குட்டிக்கு. வாந்தி, ரத்தம் கலந்த நாத்தப் பேதி, சுருண்டு படுக்கறது, சாப்பிட மறுக்கறது, இதுல எது இருந்தாலும் பத்தியம் பேசிக்கிட்டு உட்காராதீங்க. பார்வோவா இருக்கலாம். 1978-ல தலைகாட்டின வைரஸ், தடுப்பூசி முடியாத குட்டிகளை ரெண்டு மூணு நாள்ல கொண்டு போயிடும். ராத்திரியே கிளம்புங்க. நம்ம மருந்து டப்பாவுல இருந்து எந்த மாத்திரையும் கொடுக்காதீங்க.

இவ்வளவு விலாவாரியா எழுதக் காரணம் உண்டு. எங்க குடியிருப்புல ரெண்டு வருஷத்துல ரெண்டு குட்டிகள் வந்த வேகத்துல போயிடுச்சு. ஒண்ணு நம்ம ஊர்க் குடும்பத்தோடது. கெட்டவங்க இல்லை. ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. காலையில ஸ்கூல் வேன், ஆபீஸ் கேப், நடுவுல தினமும் தரையைக் கழுவணும். வாரம் ஒரு புது சாப்பாடு போட்டுப் பார்த்தாங்க, கூடவே ரெண்டு வேளை பால். மூணாவது மாசம் குட்டி யாரோ ஒருத்தர் ஃபார்ம் ஹவுஸுக்குப் போயிடுச்சு. பசங்ககிட்ட "அங்க சந்தோஷமா இருக்கு"ன்னு சொன்னாங்க. அந்தச் சின்னப் பொண்ணு ஒரு மாசம் பார்க்குக்கே வரலை.

தாத்தா பாட்டி ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வீட்ல, ஸ்கூல்ல இருந்து வர்ற குழந்தைக்கு வாசல்ல காத்திருக்கிற ஒரே ஜீவன் அந்தக் குட்டியா இருக்கலாம். அதை ஒரு டம்ளர் பாலுக்காக இழக்கறது அநியாயம்.

கடைசியா ஒண்ணு. மே மாச லீவுக்கு குட்டியையும் ஊருக்குக் கூட்டிட்டுப் போறவங்க, மொத்த நாளுக்கும் பழகின உணவைக் கையோட எடுத்துட்டுப் போங்க. பாட்டிகிட்ட அளவு கப்பையும் கொடுத்துடுங்க. பாசத்தைக் காட்டணும்னா தடவிக் கொடுக்கட்டும், பால் சாதம் வேண்டாம்.