மலை ஏற லேகியம் கிடையாது!

பௌர்ணமிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுடும், நம்ம திண்டிவனம், விழுப்புரம் ஜனங்கள் வேன் பிடிச்சுப் பர்வதமலைக்குக் கிளம்பிட்டாங்கன்னு! "ஐயா, மூச்சு வாங்காம இருக்க ஒரு லேகியம் குடுங்க", "முட்டிக்குத் தேய்க்க ஒரு தைலம் குடுங்க" என்று வைத்தியசாலைக்கு ஆள் வர ஆரம்பிச்சுடும். வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, புளிசாதத்துக்கு ஏற்பாடு ஆச்சு. ஏறப்போகிற உடம்பு மட்டும் கடைசி நேரத்தில்தான் ஞாபகத்துக்கு வருது.

சித்த மருத்துவத்தைக் கல்லூரியில் முறையாகப் படிச்சு, முப்பது வருஷமா வைத்தியம் பார்க்கிறவன் நான். நானே சொல்றேன், அப்படி ஒரு லேகியம் கிடையாது. "அங்கே மூலிகைக் காத்து பட்டாலே மூட்டுவலி பறந்துடும்" என்கிறார்களே... எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்கள் யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை.

அந்த மலை எப்படிப்பட்டது? திருவண்ணாமலையைத் தாண்டி, கலசபாக்கம் வட்டாரத்தில் தென்மாதிமங்கலம் வழியாகவோ கடலாடி வழியாகவோ ஏறணும். 4,500 அடிக்கு மேல் உயரம். முதலில் படிக்கட்டு, பிறகு கல்லும் வேருமான காட்டுப்பாதை, அப்புறம் கடப்பாறைப் படி. அதாவது, பாறையில் அடிச்ச இரும்பையும் சங்கிலியையும் பிடிச்சுக்கிட்டு ஏறணும். நாமோ கண்ணுக்கெட்டின தூரம் மல்லாட்டைக் கொல்லையும் கரும்புமாகப் பார்த்து வளர்ந்தவங்க. மொட்டை மாடிதான் நமக்குச் சிகரம்!

என்னிடம் வருகிற ஒருத்தர், கடை வைத்திருப்பவர், வயசு நாற்பத்தெட்டு. சர்க்கரை உண்டு. மலைக்குப் போன அன்னிக்கு விரதம், பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படலை. ஆனா, காலையில் வழக்கமான சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கிட்டார். பாதி மலையில் உடம்பெல்லாம் வேர்த்துக் கை நடுங்கி, பேச்சு குழறிப் போச்சு. கூட வந்தவங்க என்ன நினைச்சாங்க தெரியுமா? "சாமி வந்துடுச்சு!" நெத்தி நிறைய விபூதி பூசினாங்களாம். நல்லவேளை, கூட்டத்தில் ஒரு அம்மாவுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. பூஜைக்கு வச்சிருந்த கல்கண்டை அவர் வாயில் போட்டு மென்னு முழுங்க வச்சாங்க. கால் மணி நேரத்தில் சாமி இறங்கிடுச்சு.

சர்க்கரை மாத்திரையில் சில வகை, வயிறு காலியா இருந்தாலும் ரத்தத்தில் சர்க்கரையை இறக்கிக்கிட்டேதான் இருக்கும். மாத்திரையைக் குறைக்கணுமா, நேரம் மாத்தணுமா என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்க. அது நான் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. விரதத்தை வேறொரு நாள் வச்சுக்கலாம். கோவிச்சுக்காதீங்க!

சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாதவை என்று பதினான்கு வேகங்கள் சொல்லியிருக்கு. பசி, தாகம், தூக்கம், இளைப்பு, சிறுநீர் எல்லாம் அதில் அடக்கம். பௌர்ணமி ராத்திரி, பகலெல்லாம் வேலை பார்த்துட்டு வேனில் ஏறுகிறவங்க இந்த அஞ்சையும் ஒரே ராத்திரியில் அடக்குறாங்க. அதிலும் பெண்கள்! வழியில் ஒதுங்க இடம் இருக்காதேன்னு பயந்து தண்ணியே குடிக்கிறதில்லை. விளைவு, தலைசுற்றல், கெண்டைக்கால் இழுப்பு, நாலு நாள் நீர்க்கடுப்பு. அதனால்தான் பகலில் ஏறுங்கன்னு சொல்றேன். முதல் நாள் அடிவாரத்தில் நல்லாத் தூங்கி, விடியலில் கஞ்சி குடிச்சுட்டுக் கிளம்பணும். ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி, உப்புப் போட்ட மோர் அவசியம். பத்து மணிக்கு எங்கே நிற்கிறீங்களோ அங்கேயிருந்து திரும்பிடணும், கோபுரம் கண்ணில் தெரிஞ்சாலும் சரி. அப்புறம் பாறை கொதிக்கும். வனத்துறை எப்போ ஏற அனுமதிக்குதுன்னு முன்னாடியே விசாரிச்சுக்குங்க. மழை மேகம் தெரிஞ்சால் பயணமே வேண்டாம்.

பழக்கம் ஆறு வாரம் வேணும். முதலில் தினம் ஒரு மணி நேரம் வேக நடை. அடுத்து மயிலம் கோயில் குன்று, ஏறி இறங்கி, மறுபடி ஏறணும். கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் செஞ்சி ராஜகிரி, சுமார் 800 அடி. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை. பக்கத்திலேயே இருந்துக்கிட்டு நம்மில் எத்தனை பேர் உச்சி வரைக்கும் ஏறியிருக்கோம்? அதில் ஏறும்போது பக்கத்தில் வர்றவரோடு நாலு வார்த்தை சேர்ந்தாப்பல பேச முடியலைன்னா பர்வதமலையைத் தள்ளிப் போடுங்க.

நாற்பது தாண்டினவங்க, பீ.பி., சர்க்கரை, புகைப் பழக்கம் உள்ளவங்க, போவதற்கு முன்னாடி டாக்டரைப் பார்த்து ஈ.சி.ஜி. எடுத்துக்குங்க. 2024-ல் கோவை வெள்ளியங்கிரியில் ஏறின பக்தர்கள் பல பேர் மூச்சுத் திணறலிலும் மாரடைப்பிலும் இறந்துபோனது ஞாபகம் இருக்கா? நெஞ்சை அழுத்துது, இடது கையோ தாடையோ வலிக்குது, சில்லுன்னு வேர்க்குதுன்னா "வாயு"ன்னு சொல்லிச் சுக்குக் கஷாயம் தேடாதீங்க. அந்த இடத்திலேயே உட்காரணும், 108-க்குச் சொல்லணும். வண்டி அடிவாரம் வரைதான் வரும். மேலேயிருந்து தூக்கிட்டு வர எத்தனை மணி நேரம் ஆகும்? அதுக்காகத்தான் இவ்வளவும் முன்கூட்டியே சொல்றேன்.

தைலத்துக்கு வர்றேன். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், முட்டி உடையறது இறங்கும்போதுதான். கைக்கு ஒரு தடி, சின்னச் சின்ன அடி, அவசரம் கூடாது. வீட்டுக்கு வந்ததும் நொச்சித்தழை போட்டுக் கொதிக்க வச்ச தண்ணியைப் பொறுக்கிற சூட்டில் காலில் ஊத்துங்க. தொடை வலி மூணு நாள் இருக்கும், தானா போயிடும். வீங்கின முட்டியைப் போட்டு உருவி விடாதீங்க. சிறுநீர் மட்டும் கடுங்காப்பி நிறத்தில் போனால், தசை நொறுங்கிச் சிறுநீரகத்தைப் பாதிக்குதுன்னு அர்த்தம். அப்போ என்னைத் தேடி வராதீங்க. நேரா முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க.